ஒரு தக்காளி விலைக்கு ஓர் அணு உரிமம்

செவ்வாயின் வெளிக் குடியிருப்புகளில் காலையில் எழுந்தவர்கள் முதலில் அணுக்குடத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் கவலையில்லை. பல் தேய்க்கலாம், இட்லி ஊற்றலாம், பிள்ளைகளைத் திட்டிப் பள்ளிக்கு அனுப்பலாம். வெறும் வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்கு இட்லி கிடையாது. குளிப்பதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அணுக்குடம் என்பது இடுப்புயரமே உள்ள சின்ன அணுவுலை. ஒரு குடியிருப்புக்கு ஒன்று போதும். வெளிச்சம், வெப்பம், மூச்சுக்காற்று எல்லாம் அதன் தயவு. அதற்குள் இருக்கும் எரிகோல்கள் தீர்ந்ததும் புதியவற்றைப் பூமியிலிருந்து வரவழைக்க வேண்டும், பழையவற்றைப் பூமிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வரவழைக்க ஓர் இறக்குமதி உரிமம், அனுப்ப ஓர் ஏற்றுமதி உரிமம். அணுப்பொருள் கண்டவர் கையில் சிக்கக்கூடாது என்பதால் உரிமத்தைப் பற்றி யாருக்கும் மனக்குறை இல்லை. மனக்குறை எல்லாம் விண்ணப்பக் கட்டணத்தைப் பற்றித்தான்.

சட்டம் நியாயமாகத்தான் இருந்தது. ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அரசுக்கு என்ன செலவாகிறதோ அதுதான் கட்டணம், அதற்கு மேல் வாங்கக்கூடாது. ஒரு காலத்தில் நிபுணர் குழு ஒன்று மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அலசியது. கட்டணமும் ஒரு குடியிருப்பின் முழு வருடத் தக்காளி விளைச்சலை விழுங்கியது. பிறகு பரிசீலகன் என்ற இயந்திர மூளை வந்தது. குழுவினர் பதவி உயர்வு பெற்று வேறு துறைகளுக்குப் போனார்கள். கட்டணம் மட்டும் போகவில்லை.

தலைநகரான புதுத்துறையில் அணு உரிமத் துறைக்குக் கட்டண அலுவலராக மங்கையர்க்கரசி வந்து சேர்ந்த வாரம், முல்லைப்பாடியிலிருந்து ஒரு புகார் வந்தது. முல்லைப்பாடி, பள்ளத்தாக்கின் விளிம்பில் தக்காளி பயிரிடும் சின்னக் குடியிருப்பு. கட்டணத்துக்குப் பணம் சேர்க்க முடியாமல் அவர்கள் தேய்ந்துபோன எரிகோல்களையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குடம் ஆறிக்கொண்டே வந்தது. செடிகளுக்கு வெப்பம் வேண்டும் என்பதற்காகக் குடும்பங்கள் எல்லாம் வீடுகளை மூடிவிட்டுத் தக்காளிக் கூடத்திலேயே படுத்துக்கொண்டன. குடியிருப்பின் தலைவி ஜைத்தூன் அம்மாளின் மருமகளுக்கு அது எட்டாம் மாதம்.

அரசி பரிசீலகனிடம் போய், ஒரு விண்ணப்பத்தைப் பார்க்க அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டாள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பூமியின் விற்பனையாளர் முதல் குடியிருப்பின் பூட்டு வரை எல்லாவற்றையும் சரிபார்க்கத் தனக்குச் செலவாகும் மின்சாரத்தின் விலை, சந்தையில் ஒரு தக்காளியின் விலை என்று அது சொன்னது. பெரிய தக்காளி அல்ல, நடுத்தரம் என்றும் சேர்த்துக்கொண்டது.

துறைச் செயலர் ஞானசிகாமணிக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. சட்டப்படி சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் முகத்தைச் சுளித்தார்.

"அணுவுக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமாம்மா? கொத்தமல்லிக் கட்டு விலையில உரிமம் குடுத்தா எவன் நம்புவான்?"

"குளிர்ல கிடக்கறவங்க நம்புவாங்க சார்," என்றாள் அரசி.

சட்டமன்றத்தில் காரசாரமான விவாதம் நடந்தது. தொழிலைக் கட்டுப்படுத்துகிற துறை தொழிலிலிருந்தே சம்பாதிக்கலாமா என்று ஓர் உறுப்பினரும், துறைக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும் செலவை யார் கொடுப்பது என்று இன்னொருவரும் கேட்டார்கள். கடைசியில் சட்டம் வென்றது. புதிய கட்டணம் எல்லாத் திரைகளிலும் ஒளிபரப்பானது. விண்ணப்பங்கள் குவியும் என்று அரசி கூடுதல் நாற்காலிகள் போடச் சொன்னாள்.

நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. முன்பு வந்துகொண்டிருந்த விண்ணப்பங்களும் நின்றுபோயின. முல்லைப்பாடியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஜைத்தூன் அம்மாளின் மருமகளை நினைத்து அரசி அதற்கு மேல் காத்திருக்கவில்லை. தரைவண்டியை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள்.

தக்காளிக் கூடத்தின் உள்கதவு திறந்ததும் கம்பளிகளுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பேச்சோடு புகையாக மூச்சு வந்தது. ஜைத்தூன் அம்மாள் அவளைக் குடத்துக்குப் பக்கத்தில், அதாவது அங்கே இருந்ததிலேயே நல்ல இடத்தில், உட்காரவைத்தார். அருகில் மருமகள் இரண்டு கம்பளி போர்த்திப் படுத்திருந்தாள். புதுக் கட்டணம் தெரியுமா என்று அரசி கேட்டதற்கு, திரையில் பார்த்தோம் என்றார் அவர்.

"அப்புறம் ஏன்க்கா விண்ணப்பிக்கல?"

ஜைத்தூன் அம்மாள் கொஞ்சம் தயங்கினார். "சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தக்காளி விலைக்கு என்ன உரிமம் குடுத்துருவாங்க? விண்துறைமுகத்துல இறக்கும்போது, இது அந்த மலிவு உரிமம், செல்லாதுன்னு நிறுத்திட்டா நாங்க எங்க போவோம்?"

உரிமம் அதேதான், பரிசீலனையும் அதேதான் என்று அரசி விளக்கினாள். அங்கேயே, அப்போதே, தன் கைத்திரையில் விண்ணப்பத்தைப் போட்டுத் தருவதாகச் சொன்னாள். சுற்றி இருந்தவர்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள். யாரும் விரல் ரேகை வைக்க முன்வரவில்லை. துறைமுகத்தில் ஒரு தரகர் இருக்கிறாராம். பழைய கட்டணத்தை அப்படியே வாங்கிக்கொண்டு பழைய மாதிரி கெட்டியான உரிமம் எடுத்துத் தருகிறாராம். அவருக்காகத்தான் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தரகரும் பரிசீலகனிடம்தான் வர வேண்டும் என்றாள் அரசி.

"வருவார்தான். ஆனா காசு வாங்கியிருக்கார்ல, பொறுப்பா செய்வார்," என்றார் ஜைத்தூன் அம்மாள்.

திரும்பும் வழியெல்லாம் அரசிக்கு அழுகையும் கோபமும் மாறிமாறி வந்தன. புதுத்துறைக்குள் நுழைந்தபோது கடைத்தெருவில் வண்டி நகரவில்லை. ஒரு துணிக்கடை வாசலில் அவ்வளவு கூட்டம். பூமிப் பஞ்சாங்கப்படி அது ஆடி மாதம். செவ்வாயில் ஆடிக்காற்றும் இல்லை, ஆடிப்பெருக்குக்கு ஆறும் இல்லை, தள்ளுபடி மட்டும் இருந்தது. என்னதான் நடக்கிறது என்று பார்க்க அரசி இறங்கினாள். வெளியே வந்தபோது அவள் கையில் இரண்டு சேலைகள் இருந்தன. ஒன்றின் நிறம் அவளுக்குப் பிடிக்கக்கூட இல்லை. ஆனால் அட்டையில் பழைய விலையைக் குறுக்கே அடித்திருந்த அந்தச் சிவப்புக் கோட்டை அவளால் தாண்டிப் போக முடியவில்லை.

வண்டியில் உட்கார்ந்து சேலைகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

பரிசீலகன் அவள் சொன்ன அறிவிப்பை உடனே வெளியிடவில்லை. "கட்டணம் ஏற்கனவே ஒரு தக்காளி விலைதான். இதில் தள்ளுபடி எங்கே இருக்கிறது?" என்று கேட்டது.

"பழைய கட்டணம் பழைய கட்டணம்தானே? அதைப் பெருசா போடு. மேல ஒரு கோடு அடி. கீழ இப்போ இருக்கறதைப் போடு. ஆடி முடியற வரைக்கும்தான்னு எழுது."

"ஆடி முடிந்த பிறகும் கட்டணம் இதுவேதானே?"

"அப்போ ஆவணித் தள்ளுபடி," என்றாள் அரசி.

அதில் பொய் எதுவும் இல்லை என்று பரிசீலகன் முடிவு செய்ததும் அறிவிப்பு வெளியானது. மறுநாள் அலுவலகத்தின் கதவு கீலோடு கழன்று வந்தது. கூடுதல் நாற்காலிகளில் உட்கார யாருக்கும் பொறுமையில்லை. முண்டியடித்து முன்னால் வந்தவர்களில் ஜைத்தூன் அம்மாளும் இருந்தார். பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன்னே வண்டி பிடித்து வந்திருந்தார். பரிசீலகன் கண்ணிமைக்கும் நேரத்தில் உரிமம் கொடுத்தது. பூமியிலிருந்து வந்து உரிமத்துக்காகத் துறைமுகக் கிடங்கில் காத்துக்கிடந்த எரிகோல்கள் அன்று மாலையே முல்லைப்பாடி போய்ச் சேர்ந்தன. அந்த வாரக் கடைசியில் பேத்தி பிறந்தாள். கூடத்தில் எல்லாரும் கம்பளியை உதறிவிட்டுப் பிள்ளையைப் பார்க்க வரிசையில் நின்றார்களாம். கேட்டபோது அரசிக்குக் கண் கலங்கியது.

ஆனால் கூட்டம் குறையவில்லை. பேத்தி பிறந்த சேதியைச் சொல்ல வந்த ஜைத்தூன் அம்மாள் மறுபடியும் வரிசையில் போய் நின்றதை அரசி பார்த்தாள். ஒரு குடத்துக்கு ஓர் இறக்குமதி உரிமம் போதுமே, இன்னொன்று எதற்கு என்று விசாரித்தாள். புது எரிகோல்கள் பல வருடம் உழைக்கும், உரிமமோ ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்று பரிசீலகனும் எடுத்துச் சொன்னது.

"இருக்கட்டும் மேடம். தள்ளுபடி முடிஞ்சப்புறம் அடடான்னு வருத்தப்படக் கூடாதுல்ல," என்று அவர் உரிமத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவருக்கு அடுத்து நின்றவர் ஏற்றுமதி உரிமம் கேட்டார். எதை ஏற்றுமதி செய்யப் போகிறார் என்ற கேள்விக்கு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகப் பதிலளித்தார். அவருக்குப் பின்னால், அணுக்குடமே தேவைப்படாத நகர மையத்தில் குடியிருக்கும் செயலர் ஞானசிகாமணி, யார் கண்ணிலும் படாமல் நிற்க முயன்றுகொண்டிருந்தார். அரசி அவரைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கில்லம்மா," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "பொண்ணு கல்யாணத்துக்கு."