அழிக்காத மேப்

பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. கூரியர்காரர் காலையிலேயே வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் வரை மழைச்சாரலில் நனைந்த சிமெண்டுத் தரையில் கிடந்தது. அட்டையைப் பிரித்து அலுமினியப் பெட்டியைக் கையில் எடுத்தபோது, யாரோ அக்குளில் இடுக்கி வைத்திருந்து நீட்டியது போன்ற ஒரு சூடு. மெக்கானிக் அதைத் தொடையில் துடைத்துவிட்டு மேசைமேல் வைத்தான்.

ஊரார் கார்களையெல்லாம் ஓட வைத்தவனுடைய சொந்தக் கார் ஒரு மாதமாகப் பட்டறையில் படுத்துக் கிடந்தது. வெள்ளத்தில் அதன் இசியு, அதாவது எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் மூளை, செத்துப்போயிருந்தது. மாடியில் தங்கைக்கு ஒன்பதாம் மாதம். அவள் கணவன் கப்பலில். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப்பக்கம், ஒரு மணி நேர ஓட்டம். "வண்டி என் பொறுப்பு, நீ நிம்மதியா தூங்கு" என்று இவன் அவளிடம் மார்தட்டியிருந்தான்.

கம்பெனி இசியு வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். வெளியில் செய்தவற்றில் இரண்டு கிடைத்தன. ஒன்று புத்தம் புதியது, உள்ளே ஒன்றும் இல்லாதது; நாலு நாள் ரோட்டில் ஓட்டி ஓட்டித்தான் அதன் மேப்பை, அந்தக் கணக்கு அட்டவணையை, நிரப்ப வேண்டும். மற்றது யாரோ இதே எஞ்சினில் ஓட்டிக் கழற்றியது. மேப் தயாராக இருந்தது, மாட்டினால் ஓடும், ஓட ஓடத் தானே கற்றுக்கொள்ளும். அவசரக்காரன் எதை வாங்குவான்? விற்றவர் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மாட்டுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறத முழுசா அழிச்சிடுங்க. அது கத்துக்கிட்டது எதுவும் இருக்கக்கூடாது."

"அழிச்சிட்டா அப்புறம் நான் எதுக்குங்க இதை வாங்கறேன்?" என்று இவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

பெட்டியோடு வந்த வயர்களைக் கார் வயர்களோடு சேர்க்க வேண்டும். பத்து வருஷப் பழக்கம், வயரின் தோலைப் பல்லால் உரிப்பான்; கட்டர் பக்கத்திலேயே கிடந்தாலும் பல்தான் முந்தும். முதல் வயரைக் கடித்து இழுத்தான். தோல் வழக்கமான பிளாஸ்டிக் போல இல்லாமல் சவ்வு மாதிரி இழுபட்டது, பிறகு பொட்டென்று விட்டது, வாய்க்குள் ஏதோ பீச்சியது. இளஞ்சூடாக, உப்பாக, கொஞ்சம் இனிப்பாக. துப்பினான். மஞ்சளாக இருந்தது. பாட்டரித் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வாயை மூன்று தரம் கொப்பளித்தான். நாக்கின் அடியில் அந்த வழவழப்பு மட்டும் போகவே இல்லை.

எஞ்சின் ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. அவ்வளவு மெதுவான, சீரான ஓட்டத்தை அவன் அந்தக் காரில் கேட்டதே இல்லை. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பெட்டியோடு இணைத்திருந்த லாப்டாப்பில் எஞ்சின் சூடு முப்பத்தேழு டிகிரி என்று காட்டியது. ஏற வேண்டிய எண். ஏறவில்லை, இறங்கவில்லை. சூட்டை அளக்கும் சென்சாரின் வயரோ இன்னும் எதிலும் சேராமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

விற்றவர் சொன்னது நினைவுக்கு வர, லாப்டாப்பில் அழி என்று கொடுத்தான். அழிந்தது. பத்து எண்ணுவதற்குள் மேப் முழுக்கத் திரும்ப வந்து நின்றது.

பெட்டி மூடியின் திருகாணிகளைக் கழற்றினான். சர்க்யூட்டின் மேல் ஈரம் படாமல் தெளிவான ஜெல் ஊற்றியிருப்பார்கள், அது அவனுக்குத் தெரியும். இது கலங்கியிருந்தது. ஆறிப்போன கோழை போல, நடுவே சிவப்பு நூல்கள் கிளை கிளையாக ஓட, ஓரத்தில் பூனைமயிர் போல மெல்லிய ரோமம். நாள்பட்ட புண்ணுக்குக் கட்டிய துணியை அவிழ்த்த வாடை குப்பென்று அடித்தது. விரல் நுனி தெரியாமல் பட்டுவிட்டது. ஜெல் சிலிர்த்தது. விரலைச் சட்டையில் அழுத்தித் தேய்த்தான்.

"அண்ணா!" படிக்கட்டில் தங்கை, கையில் பை, நைட்டியின் கீழ்ப்பாதி நனைந்து. "பனிக்குடம் உடைஞ்சிருச்சு. கிளம்பலாம்."

"இந்த வண்டி வேணாம். ஆம்புலன்ஸ கூப்பிடுறேன்."

"கூப்பிட்டேன். ஒரு மணி நேரமாகுமாம். வண்டி ஓடுதே, அப்புறம் என்ன?"

"சொன்னா கேளு, ஏறாத!"

வலி அவளை இரண்டாக மடக்கியது. பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கட்டரை எடுத்தான். வயர்களை மொத்தமாக வெட்டினான். மஞ்சள் நீர் முழங்கை வரை வழிந்தது. பெட்டியைப் பிடுங்கித் தரையில் அடித்தான்.

எஞ்சின் நிற்கவில்லை.

கதவுக்கு ஓடினான். கைப்பிடி முழுக்க அந்தக் கோழை, வெதுவெதுவென்று. தொடப்போன கை தானாகப் பின்வாங்கியது. ஒரே ஒரு கணம், அருவருப்பில். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான், இழுத்தான். வழுக்கியது. மறுபடியும். வழுக்கியது. உள்ளே அவள் அலறல்.

பிறகு அலறல் இல்லை.

கண்ணாடி மெல்ல இறங்கியது. ஈரக் காற்று. பச்சை ரத்த வாடை. தங்கை சீட்டில் சாய்ந்திருந்தாள். முகத்தில் பல மாதமாக அவன் பார்க்காத நிம்மதி.

"வலி சுத்தமா நின்னுடுச்சுண்ணா," என்றாள். "மெதுவாவே போலாம்."

பானெட்டுக்குள் எதுவோ சப்பிக் குடித்துக்கொண்டிருந்தது. பசியோடு.

நைட்டி அவள் மடியில் தட்டையாகக் கிடந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், வட்டம் வட்டமாக, அவள் கை வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது.