அழுகையின் சத்தத்தைக் குறைத்தவர்

உல்லாசக் கப்பலில் மேனேஜர் குடும்பத்துக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத உள்ளறை. கடலைப் பார்த்த அறை என்று மேனேஜர் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். நல்லவேளையாக, வெளியே தெரியும் கடலைக் காட்டுவதற்கென்றே சுவரில் ஒரு டிவி இருந்தது. அதன் ஓரங்கள் விழாமல் படமெடுத்து அனுப்பினார்.

"காத்து பலமா மாப்ளே?" என்று மாமனார் கேட்டார்.

"நிக்கவே முடியல மாமா" என்று பதில் போட்டார்.

அலுவலகத்தில் மட்டுமில்லை, வீட்டிலும் அவர் மேனேஜர்தான். மனைவிக்குச் சொல்ல வேண்டியதைக்கூட, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான்கு பேருக்குச் சொல்வதுபோலச் சொல்வார்.

விளக்கை அணைத்தால் அந்த அறை நட்டநடுப் பகலிலும் குழிக்குள் இறங்கியதுபோல் இருண்டுவிடும். இயந்திரங்களின் உறுமல் உள்ளங்கால் வழியாக ஏறும். கம்பளத்திலிருந்து, காயாத துணியின் வாடை மெதுவாக எழும். இரண்டு வயதுப் பாப்பா முதல் நாள் முழுக்க அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் கேப்டனோடு மதிய விருந்து. அழைப்பில் பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. அதைப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் என்று மேனேஜர் படித்துக்கொண்டார். குழந்தைகளின் விளையாட்டுக் கூடத்திலோ, டயப்பர் கட்டும் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை.

"அப்ப பாப்பா?" என்றாள் மனைவி.

"தூங்க வெச்சிட்டுப் போவோம். உன் போன்லேருந்து எனக்குக் கால் போட்டு கட்டில்கிட்ட வெச்சிடு. ஒரு முனகல் வந்தாலும் என் காதுல கேக்கும்."

"தனியா விட்டுட்டுப் போறதாங்க?"

"தனியா எங்கடி? நாமதான் லைன்ல இருக்கோம்ல."

அந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனத்தில் அவருக்கே ஒரு பெருமிதம். 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைக் கதவுப்பிடியில் மாட்டினார். கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

விருந்து மண்டபம் சரவிளக்குகளால் ஜொலித்தது. இயர்போன் மாட்டிய ஒரு காதில் பாப்பாவின் மூச்சும், மறு காதில் வயலினும் கேட்டன. கேப்டன் ஒவ்வொரு மேசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து மேசைக்கு அவர் வந்தபோது பாப்பா விழித்துக்கொண்டாள்.

"அம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "அப்பா."

அப்புறம் வீறிட்டு அழுதாள்.

மேனேஜரின் கட்டைவிரல் மேசைக்கு அடியில் போனின் ஓரத்தைத் தேடியது. சத்தத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தது. கடைசியில் ஒன்றும் கேட்கவில்லை.

"தூங்குறாளா?" என்றாள் மனைவி.

"அசந்து தூங்குறா. நேரா உக்காரு, கேப்டன் வர்றார்."

கேப்டன் வந்தார், தோளில் கை போட்டார். படம் பிரமாதமாக வந்தது. அதைக் குழுவில் போட்டு, முதல் கைதட்டல் வந்ததைப் பார்த்த பிறகே மேனேஜர் சத்தத்தைக் கூட்டினார்.

அழுகை நின்றிருந்தது.

இன்னொரு சத்தம் இருந்தது.

தட்... தட்... தட்...

முதுகில் தட்டித் தூங்கவைக்கும் சத்தம். கூடவே, வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் முனகும் ராகம்.

அவர் முகம் வெளிறியதைக் கண்ட மனைவி, அவர் காதிலிருந்ததைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும் அந்தக் குரல் கேட்டது.

"அழாத கண்ணு. உங்கப்பா சத்தத்தக் குறைச்சிட்டாரு."

அவள் கணவனைப் பார்த்தாள்.

"கொறைச்சீங்களா?"

முதலில் அவருக்கு வந்தது, மாட்டிக்கொண்டோமே என்ற வெட்கம். பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது. அந்த வரிசையை நினைத்து அவர் பிற்பாடு பலமுறை கூசிப்போனார்.

ஓடினார்கள். அட்டை அப்படியே தொங்கியது. சாவி அட்டையைக் காட்டியதும் பூட்டு விடுபட்டது. கதவு விரற்கடை அளவு திறந்து, நின்றது.

உள்ளே கொண்டி போட்டிருந்தது.

அது பாப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

இடுக்கு வழியாகக் கன்னங்கரிய இருட்டு. அதற்குள்ளிருந்து பாப்பாவின் சிரிப்பு, வயிறு குலுங்குகிற சிரிப்பு.

"பாப்பா, அம்மாடா" என்றாள் மனைவி. "யாரா இருந்தாலும் சரி, எம்புள்ளையக் குடுத்துடுங்க."

சிரிப்பு நின்றது.

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள். கொண்டி விலகியது.

விளக்கைப் போட்டார்கள். யாரும் இல்லை. பாப்பா கட்டில் நடுவே உட்கார்ந்திருந்தாள். கண் துடைக்கப்பட்டிருந்தது. டயப்பர் புதிதாக மாற்றியிருந்தது. இவர்கள் ஒருபோதும் எடுக்காத நேர்வகிடு எடுத்துத் தலை வாரியிருந்தது. மேனேஜர் கையை நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வந்த அறைச் சிப்பந்தி வாசலில் நின்றார்.

"உள்ள யாரும் போகலீங்களே. அட்டை மாட்டியிருந்துச்சு." பிறகு தயங்கினார். "குழந்தை தனியாவா சார் இருந்துச்சு?"

"சேச்சே. இவ இருந்தா. இப்பதான் சும்மா வெளிய வந்தா."

மனைவி மறுக்கவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விட்டாள். பயணம் முடியும்வரை அந்த அறையில் அவள் படுக்கவில்லை. அவரோடு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அவள் சத்தம் போட்டுத் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அதுகூடக் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு பாப்பா அழுவதே குறைந்துபோயிற்று. "எப்படி இவ்வளவு சமத்தா வளக்குறீங்க?" என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போதெல்லாம் சின்ன முனகலுக்கும் அவர் ஓடுகிறார். குளித்துக்கொண்டிருந்தால் சோப்போடு ஓடுகிறார். ஆபீஸ் போனைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறார். ஆனால் எப்போதும் கொஞ்சம் பிந்திவிடுகிறது. அவர் போய்ச் சேர்வதற்குள் அழுகை அடங்கியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது, பாப்பா உள்ளறையில் சிணுங்கினாள். கை கழுவாமல் ஓடினார். கதவுக்கு அப்பால் கேட்டது.

தட்... தட்... தட்...

கதவைத் தள்ளினார். சத்தம் நின்றது.

கட்டிலருகே மண்டியிட்டு, "அப்பா வந்துட்டேன்டா" என்றார். "இனிமே எப்ப கூப்பிட்டாலும் வருவேன்."

வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒன்றை அலங்காரமில்லாமல் சொன்னார்.

பாப்பா அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே பார்த்தாள். ரகசியம் பேசுகிறவள்போல் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா போய்டும். அப்பறம் வா."

அவருடைய காதோரத்தில், மயிர் அசையும் அளவு பக்கத்தில், யாரோ பதில் சொன்னார்கள்.

"ம்."