கதவைத் திறக்கும் விதி

"பயண நோக்கம்?" என்று கேட்டது ஓட்டுநர் இல்லாத தானோடி வண்டி. நோக்கம் சொல்லாமல் எந்த வண்டியும் நகராது.

"திருப்பூர், குடும்ப நீதிமன்றம்," என்றாள் யசோதா. பொய் சொல்லிப் பயனில்லை. ஏறியவர் முகம், பேசிய பேச்சு, போகும் வழி எல்லாம் அந்த நொடியே அவரவர் பொறுப்பாளருக்குப் போய்விடும். அவளுடைய பொறுப்பாளர் கணவன் சபாபதி. பெண்களின் பாதுகாப்புக்காக வந்த சட்டமாம்! பாதுகாப்பு என்று பெயர் வைத்துவிட்டால் மனுஷியைக்கூடப் பூட்டி வைக்கலாம் போலிருக்கிறது.

பல்லடத்து வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்; நடக்கிற தூரமல்ல. வேறு வண்டியில் ஏறினாலும் அது அவள் முகத்தைப் பார்த்து அவனுக்குத்தான் சொல்லும். போன இரண்டு வாய்தாவிலும் அவன் நீதிமன்றத்தில் உட்கார்ந்தபடியே, அதன் வாசல் அவள் கண்ணில் படும்வரை வண்டியை ஓடவிட்டு, பிறகு கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிவிட்டான். இன்றும் அவள் வராவிட்டால் ஆறு வயது மகள் இனியா அவனோடுதான் என்று தீர்ப்பாகிவிடும்.

நீதிமன்ற வாசல் தெரியும் வளைவில், மின்னேற்று நிலையத்துக்கு எதிரே, வண்டி வேகம் குறைத்தது. "பொறுப்பாளர் உத்தரவு. வீடு திரும்புகிறோம்."

அதற்குள் ஜெசிந்தா சாலையில் இறங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி; அந்த நிலையத்தில்தான் வேலை. தானோடியின் குணம் அவளுக்கு அத்துப்படி. நேற்றே வந்து சொல்லியிருந்தாள்: "நாலு பக்கமும் ஆளு நின்னா விபத்துன்னு நெனச்சுக்குமுங்க்கா. ஒரு நிமிசத்துல கதவத் தொறந்தே ஆகோணும். அப்ப எவன் உத்தரவும் செல்லாது."

முன்னால் அவள் நின்றாள். மற்ற மூன்று பக்கமும் அவளோடு வேலை செய்யும் பெண்கள் நின்றார்கள். வண்டி அலறியது. பின்னால் தேங்கிய வண்டிகளும் சேர்ந்து அலறின.

"கத்தட்டும், நவுராதீங்கடி!" என்றாள் ஜெசிந்தா.

கதவு திறந்தது. யசோதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

நீதிமன்றக் கூடத்தில் சபாபதி வக்கீலிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். சற்று முன்பே அதிர்ந்த கைப்பேசியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தான். 'பயணி இல்லை' என்றிருந்தது. புரியாமல் அவன் நிமிர்ந்தபோது அவள் எதிரே நின்றாள்.

"நீ எப்புடி வந்தே?"

"அத உங்ககிட்டச் சொல்லோணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லீங்க."

டவாலி இருவர் பெயரையும் கூப்பிட்டார். யசோதா முதலில் உள்ளே போனாள்.