தரவு திறக்கும் நாள்

மழைக்குப் பயந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தவள், எதிரே வந்தவன் மேல் மோதினாள். அவன் கையிலிருந்த காபி முழுவதும் அவள் கோட்டில்...

“பார்த்து வரக் கூடாதா?”

“உங்களைப் பார்த்துக்கிட்டேதாங்க வந்தேன்... அதான் இப்படி!”

கோபமாக நிமிர்ந்தாள். சிரிக்கும் கண்கள்... பாவி, கோபப்படக்கூட விடமாட்டான் போலிருக்கிறதே!

அன்றிலிருந்து கேன்டீனில் இருவருக்கும் ஒரே மேஜை. புரோட்டான்களை மோதவிடும் ஆய்வுக்கூடம் அது. மோதலில் ஜோடியாகப் பிறந்து உடனே சிதைந்துபோகும் இரண்டு துகள்கள், பிரிந்த பிறகும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றனவா என்று அளப்பது அவள் வேலை. கணக்கில் வரும் எண் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் பிணைப்பு உண்டு. ஆசை கண்ணை மறைத்துவிடும் என்பதால், கணக்கு முறை முடிவாகும்வரை உண்மைத் தரவைப் பூட்டியே வைப்பார்கள். அவளுடைய கணக்கைச் சரிபார்க்கும் குழுவில் இருந்தான் அவன்.

தரவைத் திறப்பதற்கு முந்தின நாள், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவன் எழுந்தான்.

“இவங்க புரோகிராம்ல, உண்மைத் தரவுக்கு மட்டும் ஒரே திருத்தம் ரெண்டு தடவை சேருது. இப்படியே திறந்தா எண் தப்பா வரும்.”

அவளுக்கு உயிரே போய்விட்டது. எத்தனை வருட உழைப்பு! அவன் சொன்னது சரிதான். உடனே திருத்தினாள். இன்னும் என்னென்ன தப்பு ஒளிந்திருக்கிறதோ... அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் தரவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினாள். திரையில் எண்... எல்லைக்குக் கீழே! பிணைப்பு இருக்கிறது! அறையே கைதட்டியது. அவள் கண்கள் தேடிய ஆள் மட்டும் அங்கே இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தான்.

“நேத்து தனியா சொல்லியிருக்கலாம்ல? மானமே போச்சு!”

“தனியா சொன்னா சலுகை காட்டினேன்னு ஆயிடும்... அப்புறம் உங்க எண்ணை யாருங்க நம்புவாங்க?”

“இன்னிக்கு ஏன் உள்ளே வரலை?”

“இனிமே உங்க வேலையை நான் சரிபார்க்க முடியாதுன்னு குழுத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“அவ்வளவு மோசமா... என் வேலை?”

“ஐயோ! மனசுக்கு வேண்டியவங்க வேலையை நாமே சரிபார்க்கக் கூடாதுன்னு ரூல் இருக்கில்ல... அதான்.” அவன் காது மடல் சிவந்துவிட்டது.

“என்கிட்ட சொல்லாம, அவர்கிட்டயா முதல்ல சொல்வீங்க?” அவளுக்குப் படபடத்தது. “என்னையும் கூப்பிட்டுக் கேட்பாரே!”

“கேட்டா... என்ன சொல்வீங்க?”

தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்க வேலையை என்னாலயும் சரிபார்க்க முடியாதுன்னு சொல்லிடுவேன்.”