எக்கச்சக்கப் பூ

சுபிஷா பால்கனிக் கதவைத் திறந்தாள். அப்படியே வாயையும் திறந்தாள். மூட மறந்துவிட்டாள்.

தொட்டி இருந்தது. செடி இருந்தது. இலைகள் இருந்தன. பூக்களைக் காணோம்!

நேற்று மாலை வரை ஐந்து பூக்கள் நிமிர்ந்து நின்ற இடத்தில் இப்போது மொட்டைத் தண்டுகள் மட்டும் நின்றன. ஓர் இதழ்கூடத் தரையில் கிடக்கவில்லை.

‘புறாவின் வேலையோ?’ என்றுதான் முதலில் நினைத்தாள். ஷார்ஜாவில் புறாக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் குனிந்து பார்த்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்டுகள் எல்லாம் கத்தரியால் வெட்டியதுபோல் நேராக இருந்தன. எந்தப் புறா கத்தரி வைத்திருக்கிறது?

அது சாதாரணச் செடி இல்லை. அமெரிக்காவின் புல்வெளிகளில் தானாக வளரும் காட்டுப் பூச்செடி. நடுவில், முள்ளெலி சுருண்டு படுத்ததுபோல் ஓர் ஆரஞ்சு உருண்டை. அதைச் சுற்றி, பாவாடை மாதிரிக் கீழே தொங்கும் ஊதா இதழ்கள். அந்த நாட்டின் பூர்வகுடி மக்கள் வெகுகாலமாகத் தொண்டை வலிக்கும் பல் வலிக்கும் அதை மருந்தாகப் பயன்படுத்தி வந்தவர்கள். பெயர் எக்கினேசியா.

அந்தப் பெயர் அப்பா மரியராஜின் வாயில் நுழையவே இல்லை. “எக்கச்சக்கம்னே வச்சுக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அது எக்கச்சக்கச் செடி.

பெயருக்கு ஏற்றபடி அதை வளர்ப்பதும் எக்கச்சக்கமாகத்தான் இருந்தது. விதை முளைக்க வேண்டுமென்றால் முதலில் நல்ல குளிர் வேண்டும். ஷார்ஜாவில், அவர்கள் குடியிருக்கும் முவைலாவில், அந்தக் குளிருக்கு எங்கே போவது? சுபிஷா விதைகளை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன மக்ளே, துணியைப் போயி ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிருக்க?” என்று அம்மா கேட்டாள்.

“விதை அமெரிக்காவுலதான் இருக்கோம்னு நெனச்சுக்கட்டும்மா. காட்டிக் கொடுத்திராதீங்க.”

பிறகு கோடை வந்தது. வெளியே வைத்தால் செடி ஒரே நாளில் வற்றலாகிவிடும். அதனால் ஏசி ஓடும் அறைக்குள் ஜன்னலோரம் அதற்கு இடம் கிடைத்தது. அப்பா ஏசி மெக்கானிக். குளிர்காற்று நேராகச் செடியின்மேல் படாதபடி ஏசியின் தகட்டைத் திருப்பி வைத்தார்.

இவ்வளவுக்கும் பிறகு, இரண்டாவது குளிர்காலம் முடியும்போதுதான் செடி பூத்தது. திங்கட்கிழமை தொட்டியோடு வகுப்புக்குக் கொண்டு வருவதாக சுபிஷா டீச்சரிடம் சொல்லியிருந்தாள்.

“அம்மா!” என்று கத்தினாள்.

கத்திய பிறகுதான் அம்மா டூட்டிக்குப் போய்விட்டது நினைவுக்கு வந்தது. அம்மா சுகிர்தராணி ஒரு கிளினிக்கில் நர்ஸ். அப்பாவும் அஜ்மானில் ஒரு சைட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் இருந்தது ரெஜின் மாமா மட்டும்தான். அம்மாவின் தம்பி. கத்தாரில், ராஸ் லஃபானில் வேலை பார்க்கிறவர். லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது.

சமையலறையிலிருந்து ஏதோ பச்சிலை வாசம் வந்தது. சுபிஷா ஓடினாள்.

அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஆரஞ்சு முள்ளெலிகள் முங்கி முங்கி எழுந்தன. ஊதா இதழ்கள் வெளுத்துப்போய் மிதந்தன. பக்கத்தில் ரெஜின் மாமா, கையில் காலி கிளாஸோடு நின்றார்.

“மாமா! எனக்க பூவு!”

“ஆமா மக்ளே, ஒனக்க பூவுதான்” என்றார் மாமா. குரல் தவளை போல் இருந்தது. அவருக்கு மூன்று நாளாகச் சளி, இருமல். “நீதானே நேத்து சொன்ன, தொண்டைக்கு நல்ல மருந்துன்னு? நாளைக்கு நான் சர்ச்சுல பாடணும்லா?”

“அஞ்சையும் வெட்டிட்டீங்களா?”

“ஒண்ணு போதுமோ என்னமோன்னு...” மாமா தலையைச் சொறிந்தார். “பூக்கிறது பறிக்கத்தானே? ஒரு கிளாஸ் குடிச்சதுக்கே நாக்கு குறுகுறுங்குது. நல்ல மருந்துன்னா அப்படித்தான் இருக்கும் போல.”

சுபிஷா திரும்பி ஓடிப் போய்க் கட்டிலில் குப்புற விழுந்தாள். அழுதாள். மாமாவோடு இனிமேல் பேசுவதே இல்லை என்று முடிவு செய்தாள். பிறகு, பேசாமல் இருப்பதற்கு முன்னால் நன்றாகத் திட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஹாலுக்கு வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்தது ரெஜின் மாமாதானா? உதடு இரண்டும் வீங்கித் தடித்திருந்தன. கண்கள் கோடு மாதிரி ஆகிவிட்டன. கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். மாமா கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார்.

“மாமா, ஒங்க மூஞ்சி!”

“ஒண்ணும் இல்ல மக்ளே... சூடு... கொஞ்சம் படுத்தா சரியாயிரும்.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு ‘வீஸ், வீஸ்’ என்று இழுத்தது. “அம்மாட்ட சொல்லாத. டூட்டில இருக்கா. பயந்துருவா.”

அந்த ‘வீஸ்’ சத்தம் சுபிஷாவுக்குப் பிடிக்கவே இல்லை. படுத்தால் சரியாகிற சத்தம் இல்லை அது.

அவள் அம்மாவுக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. டூட்டியில் அம்மா போனை லாக்கரில் வைத்துவிடுவாள். அடுத்து அப்பாவை அழைக்கலாமா என்று விரல் போனது. ஆனால் அப்பா அஜ்மானிலிருந்து வருவதற்குள்?

ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினாள். ஒன்பது, ஒன்பது, எட்டு.

“வேண்டாம்...” என்று மாமா கையை ஆட்டினார்.

“நீங்க சும்மா இருங்க மாமா!” என்றாள் சுபிஷா. பெரியவர்களிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

போனில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. சுபிஷாவும் மடமடவென்று ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். மாமாவின் உதடு வீங்குகிறது. மூச்சு இழுக்கிறது. ஒரு பூவைக் காய்ச்சிக் குடித்திருக்கிறார். முவைலா, மூன்றாவது மாடி, கீழே பச்சைப் பலகை வைத்த மளிகைக்கடை.

“அவரைப் படுக்க வைக்காதே, உட்காரட்டும். குடிக்க எதுவும் கொடுக்காதே. பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா?” என்றது குரல்.

சுபிஷா போனைக் காதில் வைத்தபடியே பால்கனிக்கு ஓடினாள்.

“கபீர் அங்கிள்! மேல வாங்க! சீக்கிரம்!”

கீழே கடை வைத்திருந்தவர் அகமது கபீர். கீழக்கரைக்காரர். வெங்காய மூட்டையை அப்படியே போட்டுவிட்டு மூன்று மாடி ஏறி வந்தார். மாமாவைப் பார்த்ததும் அவர் முகமும் வெளுத்துவிட்டது.

“யா அல்லாஹ்! தம்பிக்கு என்னாச்சு? எலுமிச்சம்பழம் இருக்காம்மா? புழிஞ்சு குடுப்போம், முறிஞ்சிரும்.”

“வேணாம் அங்கிள்! ஒண்ணும் குடுக்கக் கூடாதாம். படுக்கவும் கூடாதாம். சாஞ்சு விழாம புடிச்சுக்கோங்க.”

கபீர் மறுபேச்சுப் பேசாமல் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சுபிஷா சமையலறைக்கு ஓடி அடுப்பை அணைத்தாள். கொதித்த பூ ஒன்றைக் கரண்டியால் எடுத்து டப்பாவில் போட்டாள். செடியிலிருந்து ஓர் இலையையும் கிள்ளிக்கொண்டாள். என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா?

சைரன் சத்தம் கேட்டது. நீலச் சீருடையில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் மாமாவின் தொடையில் ஊசி போட்டார். இன்னொருவர் மூக்கில் ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்.

மாமா முகமூடியைக் கொஞ்சம் தூக்கி, “இறால்... பிரியாணி... நேத்து” என்றார்.

“இல்ல, இதைத்தான் குடிச்சார். இன்னிக்குக் காலைல” என்று சுபிஷா டப்பாவை நீட்டினாள்.

ஆம்புலன்ஸில் மாமாவின் காலடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பூவுக்காக இல்லை. ‘நான் மருந்துன்னு பெருமையடிச்சதாலதானே?’ என்று நினைத்தாள். கூடவே ஏறி வந்திருந்த கபீர், தன் சட்டைப் பையிலிருந்து கடைத் தராசு துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார். அதில் பெருங்காய வாசம் அடித்தது. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மாமாவின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. கண்கள் திறந்தன. கபீர் கிளினிக்குக்கு போன் போட்டுச் சொன்னதும், அம்மா சீருடையிலேயே ஓடி வந்து சேர்ந்தாள்.

“எலே ரெஜின்! என்னல இது கோலம்!” என்று தம்பியின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சுபிஷாவை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவே இல்லை.

டாக்டர் பாலமுரளி டப்பாவைத் திறந்து பார்த்தார். “நல்ல வேளை, இதைக் கொண்டு வந்தே. இல்லேன்னா நாங்க இறால்னுதான் நெனச்சிருப்போம். இது செவ்வந்தி, சாமந்தி குடும்பத்துப் பூ. அந்தக் குடும்பமே ஒத்துக்காதவங்களுக்கு இதுவும் ஒத்துக்காது. இதுக்கு முன்னால இவருக்கு இப்படி வந்திருக்கா?”

“ஒரு தடவை வந்துச்சு டாக்டர்” என்றாள் அம்மா. “எனக்க கல்யாணத்துல. முகமெல்லாம் வீங்கிப் போச்சு. அன்னிக்கு விருந்துல நண்டு வச்சிருந்தோம். நண்டுதான் ஒத்துக்கலன்னு, அதுக்கப்புறம் இவனுக்கு நண்டே குடுக்கல.”

“கல்யாணத்துல வேற என்ன பண்ணினார்?”

அம்மா யோசித்தாள். “காருக்குப் பூ கட்டினான். தோவாளையில இருந்து மூட்டை மூட்டையா...” பேச்சு பாதியில் நின்றது. கை தானாக வாய்க்குப் போனது. “செவ்வந்திப் பூ!”

டாக்டர் தலையாட்டினார்.

கட்டிலில் இருந்த ரெஜின் மாமா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். “அப்ப நண்டு? நான் நண்டு திங்கலாமா? பன்னெண்டு வருஷம், அக்கா! கடக்கரையில பொறந்து, பன்னெண்டு வருஷம் எல்லாரும் திங்கத நான் பாத்துட்டே இருந்தேன்!”

“படுங்க, படுங்க” என்றார் டாக்டர். “டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும்.”

மறுநாள் மாமா வீட்டுக்கு வந்தார். சர்ச்சில் பாடவில்லை. வந்ததும் சுபிஷாவைத் தேடினார். அவள் பால்கனியில் இருந்தாள். தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க தூக்கிட்டுப் போற?”

“குப்பையில போடப் போறேன்.”

மாமா கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். “போடாத மக்ளே. செடி என்ன செய்யும்? கேக்காம வெட்டினது நான். ஒரு பூவுக்கு ரெண்டு வருஷம் காத்துக் கெடந்த பிள்ள நீ. மன்னிச்சிரு.”

சுபிஷா தொட்டியை இறக்கி வைத்தாள். அதைச் சுவர் ஓரமாக, மாமா படுக்கும் அறையின் ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில் நகர்த்தினாள்.

திங்கட்கிழமை மொட்டைச் செடியையே பள்ளிக்குக் கொண்டு போனாள். நடந்ததைச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்த இடத்தில் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பூ இருந்திருந்தால்கூட இவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நாளில் வெட்டிய தண்டுகளுக்குக் கீழிருந்து புது மொட்டுகள் எட்டிப் பார்த்தன. இந்தத் தடவை அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. அம்மா டாக்டரிடம் கேட்டாள். அப்பாவுக்குச் செவ்வந்தி எதுவும் செய்ததில்லை என்பதால், கொஞ்சமாகக் குடித்துப் பார்க்கலாம், ஆனால் சளி ஓடிவிடும் என்று உறுதி எல்லாம் கிடையாது என்றார் அவர். சுபிஷா தானே ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தாள். அப்பா ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“எக்கச்சக்கக் கசப்பு. மிச்சப் பூவ நீயே வச்சுப் பாத்துக்க மக்ளே. எனக்குச் சுக்குக் காப்பி போதும்.”

சுபிஷாவுக்கும் அதுதான் வேண்டும்.

மாமா கத்தாருக்குத் திரும்புவதற்கு முன்னால் கடைசி டெஸ்ட் வந்தது. ஊசி டெஸ்டில் நண்டால் தொந்தரவு இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் தன் கண் முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார் டாக்டர் பாலமுரளி. அம்மா விடியற்காலையில் எழுந்து நண்டுக் குழம்பு வைத்தாள். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க மணத்தது. மருந்து வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊசியோடு ஒரு நர்ஸ் தயாராக நின்றார். டாக்டர் மாமாவின் உதட்டையே பார்த்தார். அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்தாள். அப்பாவும் சுபிஷாவும் கைகோத்துக்கொண்டார்கள்.

மாமா முதலில் ஒரு சின்னத் துண்டு தின்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு முழு நண்டுக் காலை எடுத்துக் கடித்தார். மென்றார். மெல்லுவது நின்றது.

அவருடைய கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

நர்ஸ் ஊசியைத் தூக்கினார். அம்மா, “ஐயோ, ரெஜின்!” என்று அலறினாள். சுபிஷா பாய்ந்து போய் மாமாவின் முகத்தைப் பிடித்தாள்.

“மாமா! என்ன செய்யுது? மூச்சு இழுக்கா? சொல்லுங்க!”

மாமா மெதுவாக விழுங்கினார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

“ஒண்ணும் இல்ல மக்ளே” என்றார். “உப்புதான் கொஞ்சம் கம்மி.”

அதன் பிறகுதான் அந்த அறையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள்.