அரைக் கிண்ணம் தேநீர்

அந்த வீட்டில் தேநீர் ஊற்றுவது மருமகள் குன்சுலுவின் வேலை. அன்று காலை மாமியார் ஒரின்ஷா கெண்டியைப் பிடுங்கி, மருமகளின் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றி, 'ணங்'கென்று வைத்தாள்.

அரைக் கிண்ணம் ஊற்றினால் 'இரு, இன்னும் ஊற்றுகிறேன்' என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு!' காஸ்பியன் கரையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"உங்கம்மா வீட்டுக்கே போயிடு! என் பிள்ளை குளிர்ல செத்துப் பிடிச்ச மீனையெல்லாம் குழி தோண்டிப் புதைச்சியே... நீயெல்லாம் மனுஷியா?"

"கடல்ல எண்ணெய் கலந்து மீனெல்லாம் மண்ணெண்ணெய் வாடை அடிச்சுது, அத்தை."

"எங்களுக்கு அடிக்கலையே! பக்கத்து ஊர்க்காரனுக்கு மட்டும் மூக்கு இல்லையா? அவன் உப்புப் போட்டு அத்தனையும் வித்துட்டான்!"

கணவன் சக்தகான் குனிந்த தலை நிமிரவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. இரண்டு மாதமாக இந்த வீட்டுக்கு மாவு வந்த வழி அவனுக்கும் தெரியாது. சொல்லிக் காட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"புதைச்சது நான்தான். மறுபடி அந்த வாடை வந்தா மறுபடியும் புதைப்பேன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, துணிமணி எடுக்க எழுந்தாள்.

வாசலில் லாரி நின்றது. நகரத்துக் கருவாட்டு வியாபாரி மெண்டிபை இரைக்க இரைக்க வந்தார்.

"பக்கத்து ஊர்ச் சரக்கு மொத்தமும் திரும்பிடுச்சு! பெட்ரோல் பங்க்கை நக்கின மாதிரி இருக்காம். இனி அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே சந்தையில ஒருத்தனும் தொடமாட்டான். 'மீனைப் புதைச்ச வீட்டுக் கருவாடு இருக்கா?'ன்னுதான் கேக்கறாங்க. இந்த சீசன் முழுக்க உங்க சரக்கு எனக்குத்தான்!"

"இங்க கடல் இன்னும் நாறுதேண்ணே..." என்றான் சக்தகான்.

"வடக்கே தண்ணி தெளிவா இருக்கு. தூரம்தான், போய்ப் பிடிங்க" என்றாள் குன்சுலு. "ஆனா நான் மோந்து பாக்காம ஒரு மீனும் லாரி ஏறாது."

"அந்த மூக்கை நம்பித்தானே தாயி நான் வந்திருக்கேன்!"

ஒரின்ஷா ஆறிப்போன அந்த நிறைகிண்ணத்தை எடுத்துத் தானே மடமடவென்று குடித்தாள். பிறகு அதிலேயே அரைக் கிண்ணம் ஊற்றி, இரண்டு கையாலும் மருமகளிடம் நீட்டினாள். வாங்க நீண்ட கைகளில் சட்டைக் கை மேலேற, மணிக்கட்டுகள் வெறுமையாகத் தெரிந்தன.

"வெள்ளி வளையல் எங்கடீ...?"

குன்சுலுவின் பார்வை அறை மூலையிலிருந்த மாவு மூட்டைக்குப் போனது.

"அடிப்பாவி... அதையா இத்தனை நாளும் தின்னேன்!" கிழவி மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

பிறகு தலைத்துணியால் மூக்கைச் சிந்திக்கொண்டு, கெண்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மெதுவாக் குடிம்மா. இன்னும் ஊத்தறேன்."