வலப்பக்கத்து ஸ்பீக்கர்

வலப்பக்கம் வைத்த ஸ்பீக்கர் சத்தத்தைக் கொடுத்தது. மண்டபம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முத்துராஜுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

தீவுத் தலைநகரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்துக்குத் தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நடுவில் வெறும் காற்று. அங்கே ஒருவர் தும்மினால் அது கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்து அவரையே நலம் விசாரிக்கும். காலையில் சமையல்காரர் உப்பு கேட்டுக் கத்தினால், அந்தக் குரல் சுற்றிச் சுற்றி வந்து சாயங்காலம் பாயசத்தில் விழும் என்று ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். பாயசத்தைச் சாப்பிட்டவர்கள் மறுத்ததில்லை.

கிட்டார் வாசிக்கும் முத்துராஜின் காலடியில் கிடந்தது ஆம்ப் மாடலர். பெரிய பெரிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் குரலையெல்லாம் நடித்துக் காட்டுகிற சின்னப் பெட்டி. நல்ல நடிகன்தான், ஆனால் தன் சொந்தக் குரலைக் கலக்காத ஒரு பவர்டு ஸ்பீக்கர் அதற்கு வேண்டும். போன நிகழ்ச்சியில் கிடைத்த ஸ்பீக்கரில் செருகியதில் கிட்டார் கொசு மாதிரி அழுதது. ஆர்கெஸ்ட்ரா முதலாளி ஐயாவு அன்றே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இப்படின்னா கிட்டார் பார்ட்டையும் கீபோர்டுக்காரனையே வாசிச்சிரச் சொல்லுவேன் தம்பி. அவன் மெயின்லேண்டுல படிச்சவன்." இன்று மாலை வரவேற்பு. தேறினால் மேடை, இல்லையென்றால் வீடு.

அபர்டீன் பஜாரில் கடை வைத்திருக்கும் பைசல் இரண்டு ஸ்பீக்கர்களை மத்தியானமே இறக்கியிருந்தான். "ரெண்டையும் கேளுங்கண்ணே. பிடிச்சது உங்களுக்கு, பிடிக்காதது எனக்கு வாபஸ்."

இடப்பக்கம் மரப்பெட்டி, வலப்பக்கம் பிளாஸ்டிக் பெட்டி. இரண்டையும் ஒரே அளவில் வைத்து, ஒரே வரியை மாற்றி மாற்றி வாசித்தான். மரப்பெட்டியின் ஒலி கிளம்பி, வரிசை வரிசையாகப் போட்டிருந்த காலி நாற்காலிகளுக்கு மேலே மிதந்து, கடைசிச் சுவரைத் தட்டி, தகரத்தில் உருண்டு, போன காரியம் முடிந்தது என்பதுபோல வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக்கின் ஒலி போனது. வரவில்லை.

மட்டமான ஸ்பீக்கர் என்று முடிவுகட்டினான். சந்தேகத்துக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றி வைத்து வாசித்தான்.

இப்போது பிளாஸ்டிக் முழங்கியது. வலப்பக்கம் போன மரப்பெட்டி செத்துக் கிடந்தது.

கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. வலப்பக்கத்தில் இருக்கிறது.

கீழே இறங்கிப் போய் இடப்பக்க நாற்காலிகள் நடுவே நின்று கை தட்டினான். தகரம் முழுக்கக் கைதட்டல். நடைபாதையைத் தாண்டி வலப்பக்கம் போய்த் தட்டினான். மெத்தையில் அடித்தது போல 'பொத்'தென்று ஓர் ஓசை. அவ்வளவுதான்.

மேடைத் தொழில் செய்கிற எவனுக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. காலி மண்டபத்தில் சரிபார்த்து வைத்த சத்தம், கூட்டம் வந்ததும் அடங்கிவிடும். ஒவ்வோர் உடம்பும் கொஞ்சம் ஓசையைத் தின்னும். ஆள் கூடக் கூட எதிரொலி சாகும்.

அவன் மெதுவாகப் பின்வாங்கி மேடையேறினான். சுனாமி அலை வந்த அந்த டிசம்பரில், தெற்குத் தீவுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்த உடல்களை இந்தத் தரையில்தான் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அதை அவன் நினைக்கவில்லை. நினைக்கக் கூடாது என்றுதான் பைசலுக்குப் போன் போட்டான்.

"என்னண்ணே, அதுக்குள்ள பப்ளிக் வந்திருச்சா?" என்றான் பைசல்.

"யாரும் வரல பாய். ஏன் கேக்குற?"

"அங்கேர்ந்து பேசினா கிணத்துக்குள்ள பேசுற மாதிரி கேக்குமே. இப்ப சாஃபா, தெளிவா கேக்குது. ஹால் நிறைய ஆள் இருந்தாத்தான் இப்படி."

முத்துராஜ் போனை அணைத்தான். இடப்பக்க ஸ்பீக்கரில் ஒரே ஒரு நரம்பைத் தட்டினான். சுவர் வரை போனது. திரும்பியது. மறுபடி தட்டினான். பாதி திரும்பியது. மறுபடி.

நடைபாதைக்கு இந்தப் பக்கமும் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

காற்று கனத்தது. நெருங்கி உட்கார்ந்தவர்கள் நடுவே இருக்கும் காற்று. எங்கோ ஒரு நாற்காலிக் கால், பாரம் ஏறியது போல, சிமெண்டில் சற்றே அகன்று கிரீச்சிட்டது. பிறகு இன்னொன்று. முன் வரிசையில் ஒன்று. எல்லாம் காலி. எல்லாம் அவனைப் பார்த்து.

வாசலில் நிழல் விழுந்தது. ஐயாவு. பின்னாலேயே கீபோர்டுக்காரன்.

ஐயாவு வழக்கம்போல உள்ளே வந்து கை தட்டிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "எப்படிடா இந்தக் கொட்டகையை அடக்குன? ஈ காக்கா இல்லாதப்பவே ஹவுஸ்ஃபுல் மாதிரி கேக்குது."

"அண்ணே, இந்த மண்டபத்துல..."

"சொல்லு."

கீபோர்டுக்காரன் சிரித்துக்கொண்டே, அடுத்து என்ன உளறப்போகிறான் என்று காத்திருந்தான்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றான் முத்துராஜ். "நல்ல ஸ்பீக்கர்."

"உன் இடம் உனக்குத்தான். போ, சட்டையை மாத்து."

ஆறரைக்கு ஆட்கள் வந்தார்கள். பட்டும் பவுடரும் பேச்சுமாக வந்தார்கள். வாசலில் கேட்ட பேச்சு, உள்ளே நாலடி வைத்ததும் கேட்கவில்லை. வாய்கள் மட்டும் அசைந்தன. ஏற்கெனவே நிறைந்திருந்த நாற்காலிகள் மறுபடி நிறைந்தன. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்ததும் கால்கள் வளைந்து அகன்றன, இருவர் பாரத்துக்கு வளைவது போல.

அவன் மனைவி வசந்தகுமாரி வந்தாள். மகள் சுதா அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடிவந்து, முன் வரிசையில், வலப்பக்கம் உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள்.

ஐயாவு கை காட்டினார். முத்துராஜ் வாசித்தான். விரலுக்குக் கீழே நரம்பு அதிர்ந்தது. சத்தம் இல்லை. கூட்டம் தலையாட்டியது.

முதலில் வலக்கோடியில் ஒரு பெரியவரின் வேட்டி. ஓரம் நனைந்து கறுத்தது. முழங்கால் வரை ஏறியது. அடுத்தவர் சேலை. அதற்கடுத்தவர். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"சுதா, எந்திரி."

மைக்கில்தான் கத்தினான். தன் காதுக்கே எட்டவில்லை.

மஞ்சள் பாவாடையில் ஈரம் ஏறியது. முழங்கால். தொடை. அவள் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில், மஞ்சள் துணி இரண்டு பக்கமும் உள்ளே குழிந்து மடிந்திருந்தது. குழந்தையை மடியில் வைத்திருப்பவர்கள், விழுந்துவிடாமல் சேர்த்துப் பிடிப்பார்களே, அப்படி.